பத்துக்கு எத்தனை

குளச்சல் மீன் இறங்குதளத்துக்கு எதிரே
மாடியில் எங்கள் அலுவலகம்.
பாடு கணக்குக்கு எந்தக் கணினி மொழி நல்லது,
ஒரு பக்கம் எழுதித் தா,
கடைசியில் பத்துக்கு எத்தனை என்று மார்க்கும் போடு
என்றார் ததேயுஸ் சார்.

முதலில் பெயர்.
ஆர்.
ஒற்றை எழுத்து. கரையில் இது கேள்வி:
ஆருக்க வள்ளம், ஆருக்க மீன்.
ஒவ்வொரு காலையும் திறக்கும்போது
கதவுக்கு உள்ளிருந்து யாரோ விசாரிப்பதுபோல் இருக்கும்.

ஒன்றிலிருந்து எண்ணும்.
நல்லது. பூஜ்யமாவது கூடை என்று
எந்த ஏலக்காரரும் கூவி நான் கேட்டதில்லை.
ஆனால் பூஜ்யமாவதைக் கேட்டுப் பாருங்கள்,
அப்படியொன்று இல்லை என்று அதட்டாது,
வெறுங்கையை நீட்டிவிட்டுச் சும்மா இருக்கும்.

பன்னிரண்டு வள்ளத்துக்கு மூன்றே எடை கொடுத்தால்
அந்த மூன்றையே நாலு சுற்று பங்கு வைக்கும்,
மூச்சு விடாது.
ஐந்து கொடுத்தால் மட்டும்
கணக்கைப் போட்டு முடித்துவிட்டு முணுமுணுக்கும்.
இதற்கு ஒரு மார்க் குறைத்தேன்.
போன வருடம் சாளை இரட்டிப்பானதாகச்
சென்னைக்குப் போன அறிக்கையில்
கையெழுத்து என்னுடையது.

மதிப்பேற்ற அம்புக்குறி.
அம்பின் நடுவே விரல் தவறி ஓர் இடைவெளி விழுந்தால்
கட்டளை கேள்வியாகிவிடும்,
சிறியதா என்று கேட்டதாக நினைத்து
ஆம் இல்லை என்று பதில் வரும்.

மாதங்களை அகரவரிசையில் நிறுத்தும்.
அக்டோபரில் ஆண்டு பிறக்கும்.
தடைக்காலத்து ஜூனும் ஜூலையும் மட்டும்
தற்செயலாகக் கைகோத்து நிற்கும்.

நகலைத்தான் திருத்தும், மூலப் பேரேட்டைத் தொடாது.
இந்த ஒழுக்கம்
இங்கே பலருக்கு இல்லை.

இவ்வளவும் எழுதிக்கொண்டிருந்த வியாழக்கிழமை
இரயுமன்துறையிலிருந்து ஜெனோவா வந்தார்.
வங்கிக்கு ஒரு தாள் வேண்டும்:
வீட்டுக்காரரின் வள்ளம்
மாதம் சராசரி எவ்வளவு பிடித்தது.

பழைய அட்டவணையில் அந்த வரிசை
அக்டோபர் வரை எண்கள்,
அப்புறம் பூஜ்யம், பூஜ்யம்.
கட்டம் காலியாக இருந்தால் அறிக்கை போகாது என்பார்கள்.
நானே நிரப்பியிருக்கலாம்.
பூஜ்யம் என்றால்
போனார், வந்தார், மீன் படவில்லை என்று பொருள்.

அவற்றை அழித்துவிட்டு
இந்த மொழி அதற்கென்றே வைத்திருக்கும் இரண்டெழுத்தை இட்டேன்.
தெரியாது.
சராசரி கேட்டேன். தெரியாது.
கூட்டுத்தொகை. தெரியாது.
இந்தத் தெரியாததும் அந்தத் தெரியாததும் சமமா.
தெரியாது.
எதிர் நாற்காலியில் ஜெனோவா
பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினார்.

எண்தான் வேண்டுமென்றால்
அடைப்புக்குள் தனியாக எழுத வேண்டும்:
இல்லாதவற்றை நீக்கு, ஆம்.
அதுவாக நீக்காது.
நீ சொல், உன் விரலால் சொல் என்று நிற்கும்.
சொன்னேன்.
அறுநூற்றுப் பதினெட்டு கிலோ.
எத்தனை மாதத்தின் சராசரி என்பதையும் கீழே எழுதினேன்,
வங்கி கேட்காது என்றாலும்.

தாளைப் பார்த்துவிட்டு
அப்பம் நவம்பரு? என்றார்.
எழுதேல்ல என்றேன்.
எழுதாண்டாம் என்றார்.

அந்த இரண்டெழுத்துக்கு மட்டும் மூன்று மார்க்.
மொத்தம் ஆறரை.

அரை கிரை வேண்டாம், முழுசாகப் போடு என்றார் சார்.
மொழியிடமே கொடுத்தேன். ஆறு என்றது.
சரிபாதியில் நிற்பதைப் பக்கத்து இரட்டைப்படைக்குத் தள்ளுவது அதன் வழக்கம்.
ஏழரை கொடுத்திருந்தால் எட்டாகியிருக்கும்.
ஏழரையை ஆரு கொடுப்பா.

தன் மார்க்கில் அரையை அதுவே விட்டுக்கொடுத்தது என்று
அடிக்குறிப்பு எழுதினேன்.
சார் அதை மட்டும் அடித்துவிட்டுக்
கையெழுத்துப் போட்டார்.