மூன்றாம் மாடிச் செம்பருத்தி

படிக்கட்டுத் திருப்பத்தில் கிடந்தது,
தபால் பெட்டிகளுக்குக் கீழே,
தொட்டியோடு, சாய்ந்த குச்சியாக.
இலை நான்கு. நான்கும் மஞ்சள்.
மூர்மான்ஸ்கில் டிசம்பர் மாதம்
சூரியன் எழுந்து வருவதே இல்லை.
அந்த இருட்டில் யாரோ ஒரு செடியை
வீட்டுக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள்.

யாரோ என்று எதற்குச் சொல்கிறேன்.
தொட்டியின் விரிசலில் ஒட்டிய நீல டேப்
எதிர்வீட்டுக் கபித்தலீனாவின்
குப்பை வாளியிலும் ஒட்டியிருக்கிறது.

சீன ரோஜா என்பார்கள் இங்கே.
வேளை கெட்ட வேளையில் பூத்தால்
வீட்டில் ஒரு ஆள் குறையும் என்பார்கள்.
நவம்பரில் பூத்ததாம்.
அதே வாரம் அவள் கணவர் சவேலியை
ஆம்புலன்ஸ் ஏற்றிக்கொண்டு போனது.

நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள்.
நிலக்கரியை அள்ளிக் கப்பலில் கொட்டுவேன்.
நாற்பது மீட்டர் உயரத்தில் உட்கார்ந்து
சகுனம் பார்த்தால் பிழைப்பு நடக்காது.
தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜன்னல் மேடைக்கு அடியில் வெந்நீர்க் குழாய்.
செடிக்குக் கால் சுட்டது, முகம் விறைத்தது.
தொட்டிக்கு அடியில் ஒரு பலகை,
கண்ணாடிக்கும் இலைக்கும் நடுவே பழைய கம்பளி.
ஓர் இரவு வாளியில் வைத்திருந்த தண்ணீர்
வெதுவெதுப்பாக ஒரு டம்ளர்,
விரல் நுழைத்து மண் காய்ந்திருந்தால் மட்டும்.
மேலே ஒரு விளக்கு, பன்னிரண்டு மணி நேரம்.
மின்கட்டணம் வந்த அன்று
செடியை இரண்டு வார்த்தை திட்டினேன்.

ஜனவரியில் இலைக்கு அடியில்
சிலந்திப்பேன் நூல் நூற்றது.
எழுபத்திரண்டு என்று முத்திரை குத்திய துணிசோப்பு.
குளியலறையில் வைத்து இலை இலையாகத் துடைத்தேன்,
கரி படிந்த கிரேன் கண்ணாடியைத்
துடைக்கிற அதே எரிச்சலோடு.

சவேலி பிப்ரவரியில் போனார்,
ஆஸ்பத்திரியிலேயே.
உறைந்த மண்ணை இயந்திரம் வைத்துத் தோண்டினார்கள்.
கபித்தலீனா அதற்குப் பிறகு
என் கதவை மட்டும் பார்க்காமல் படியேறினாள்.

மார்ச்சில் கத்தரித்தேன், பாதி உயரத்துக்கு.
கை நடுங்கவில்லை என்றால் பொய்.
இரண்டு வாரம் வெறும் குச்சி.
பிறகு கணுவில், குருணை அளவு, ஒரு பச்சை.

மொட்டு வைத்தபின் தொட்டியைத் திருப்பக் கூடாது.
இதை நான் இரண்டு மொட்டு கொடுத்துக் கற்றேன்.
மூன்றாவது நின்றது.

ஜூன். இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தேன்.
இரவு என்பது பேச்சுக்குத்தான்;
நள்ளிரவிலும் விரிகுடா மேல் வெயில்,
ஊர் முழுக்கக் கறுப்புத் திரைக்குள் புரண்டு படுக்கிறது.
கதவைத் திறந்தால், பூ.
உள்ளங்கையை விட அகலம்.
இவ்வளவு சிவப்பை நான்
நெருங்காதே என்று எழுதிய பலகைகளில்தான் பார்த்திருக்கிறேன்.

தூங்கிவிட்டேன். மாலையில் மணி அடித்தது.
"முற்றத்திலிருந்து தெரிகிறது" என்றாள் கபித்தலீனா.
கோட்டைக் கழற்றாமல்
சமையலறை முக்காலியை இழுத்துப் போட்டு
அதன் எதிரில் உட்கார்ந்தாள்.
தேநீர் வைத்தேன். தொடவில்லை.

"ஒரு நாள் பூ இது.
சூரியன் இறங்கவே இறங்காதே,
நாள் முடிந்தது என்று இதற்கு யார் சொல்வார்கள்?"

எனக்குத் தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருந்தோம்.
மணி ஒன்பதரை. ஜன்னலில் உச்சிவெயில் மாதிரி வெளிச்சம்.
அந்த வெளிச்சத்திலேயே
நனைந்த குடை போல மெல்லச் சுருண்டது,
யாரையும் கேட்காமல்.

வெகுநேரம் கழித்துச் சொன்னாள்:
"அப்போது வீட்டில் பூ இல்லை.
நான்தான் வெளியே வைத்துவிட்டேனே.
இருந்தும் போனார்."

நான் கோப்பையைக் கழுவினேன்.
கழுவிய கோப்பையையே திரும்பக் கழுவினேன்.

அவள் எழுந்து ஓர் இலையைத் திருப்பினாள்,
நகத்தால் சுரண்டினாள்,
ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.
"பேன் திரும்ப வந்திருக்கிறது. சோப்பு எது போடுகிறாய்?"
"எழுபத்திரண்டு."
"ம்" என்றாள்.
கோட்டைக் கழற்றினாள்.