இன்னும் நான்கு லாரி

பதினோராம் மாடி. திபிலிசியின் வடகோடி.
காசு போட்டால்தான் ஏறும் லிஃப்ட்.
அதனால் எந்தக் கடை நல்ல கடை என்பதை
நான் தக்காளியை வைத்து அளப்பதில்லை.
சாமான் கொண்டுவருகிறவன் கீழே நின்றுகொண்டு
"சில்லறை இல்லை, இறங்கி வாருங்கள்" என்கிறானா,
அதை வைத்துத்தான்.

மஞ்சள் செயலி இருபது நிமிடத்தில் வரும்.
வருகிற வேகத்தில் பத்து முட்டையில் இரண்டு உடையும்.
கொத்தமல்லி கேட்டால் புதினா இருக்கும் பையில்,
"ஈடாக அனுப்பியுள்ளோம்" என்று
ஒரு சிரித்த முகத்தோடு.
பச்சைக்காரனுக்கு அவசரமே கிடையாது.
காலையில் சொன்னால் மாலை;
மாலை என்பது அவனுக்கு ஒன்பதரை வரை.
ஆனால் பாலாடைக்கட்டியின் எடை குறையாது.
பதினோரு மாடியும் படியேறி வந்து
மூச்சு வாங்கிவிட்டுத்தான் கதவைத் தட்டுவான்.
முப்பது லாரிக்குக் குறையாமல் வாங்க வேண்டும், அவ்வளவே.
(லாரி என்பது இங்கே பணம், வண்டியல்ல.
முப்பது வண்டி தின்ன
இந்த வீட்டில் ஆளும் இல்லை.)

ரொட்டி, முட்டை, கத்தரிக்காய், காப்பித்தூள்.
ஒற்றை ஆள் எப்படிப் பார்த்தாலும் இருபத்தாறு.
மிச்ச நான்குக்கு ஒவ்வொரு முறையும் உப்பு.
கெடாது, புளிக்காது,
ஏன் வாங்கினாய் என்று கேட்காது.

சியாலா கேட்பாள்.
பச்சையில் கணக்கு அவள் பெயரில்.
அவள் இத்தாலியில், பாரியில்,
ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரைக்
குளிப்பாட்டி, ஊட்டி, தூங்கவைத்து
நான்காவது வருடம்.
இங்கே நான் பொத்தானை அழுத்தினால்
அங்கே அவள் போன் அதிரும்.
"வாரத்தில் மூன்றாம் முறை சாஸேஜா?"
"வெங்காயமே வாங்கவில்லை, அடுப்பு பற்றவைப்பதுண்டா?"
போன வாரம்:
"ஆறு கிலோ உப்பு எதற்கு, பத்ரி?
கடலையே வாங்கி வைக்கப் போகிறாயா?"
நலமா என்று கேட்டுக்கொண்டு வெகுநாளாகிறது.
பில்தான் போகிறதே.

மஞ்சளில் கணக்கு என் பெயரில்.
யாருடைய போனும் அதிராது.
சென்ற மாதம் அதில் மூன்று முறை வாங்கினேன்:
பீர், உருளைக்கிழங்கு வறுவல், மறுபடி பீர்.
திருடியவன்போல் பைகளை அன்றிரவே
குப்பைத் தொட்டியில் ஆழமாக அமுக்கினேன்.
பத்தாம் நாள் சியாலாவின் செய்தி:
"உடம்புக்கு என்ன? ஒன்றுமே வாங்கவில்லையே நீ."

இன்று காலை பச்சையில் இருபத்தாறு.
உப்பின் படத்துக்குப் போன விரலை இழுத்துக்கொண்டு
எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன்.
"மக்வாலா, நான்கு லாரிக்கு ஏதாவது வேண்டுமா?
என்னுடையதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்."
மாவு ஒட்டிய கையோடு வந்தாள்.
யோசித்தாள். உள்ளே போய்
ஒவ்வொரு டப்பாவாகத் திறக்கும் சத்தம்.
திரும்பி வந்து சொன்னாள்:
"எல்லாம் இருக்கிறது. உப்பு மட்டும்தான்."

இரண்டு பொட்டலம் கொடுத்தேன். மூன்றாவதை வேண்டாம் என்றாள்.
பயறு அடைத்த ரொட்டி ஒன்றைத்
துணியில் சுற்றிக் கையில் வைத்தாள், சுடச்சுட.
ஆக, பட்டியலிலிருந்து ரொட்டியை நீக்கினேன்.
இருபத்து மூன்று.
இப்போது குறைவது ஏழு.

சுட்ட ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டபடி
திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
நான் தொடாமலே கூடையில் ஒன்று ஏறுகிறது:
வெங்காயம், இரண்டு கிலோ.
நீதிபதி தூங்கிவிட்டார் போலும்.
வெகுநேரம் எதுவும் அசையவில்லை.
பிறகு, பீர். ஒன்று.

முப்பத்தொன்று என்கிறது செயலி.
கூடவே சியாலாவின் செய்தி:
"அந்தப் பையனுக்கு லிஃப்டுக் காசை
முன்கூட்டியே கொடுத்துவை. பாவம், நடக்கிறான்."
மேலே இருப்பவன் கீழே இருப்பவனுக்கு
முன்கூட்டியே எப்படிக் கொடுப்பது?
குளிர்கோட்டின் பைகளைத் துழாவுகிறேன்.