நான்கு நிமிடத் தாமதம்

ஓல்ட்டனில், ரயில் நிலையத்துக்குப் பின்னால்,
இரண்டாம் மாடியில் எங்கள் பாலர் பள்ளி.
ஜன்னலுக்கு வெளியே நாள் முழுக்க
உண்மையான ரயில்கள் போய்க்கொண்டிருக்கும்.
உள்ளே, இந்தக் கிழமை,
ஐந்து அட்டைப்பெட்டிகளில் ஒன்று.

ரெகுலா வீட்டுக்குச் சலவை இயந்திரம் வந்த பெட்டிதான் இன்ஜின்.
'இந்தப் பக்கம் மேலே' என்ற அம்பு
தரையைக் காட்டுகிறது.
காகிதத் தட்டுகள் சக்கரங்கள்.
லெவின் தன் பெட்டிக்கு ஒன்பது ஒட்டினான்.
ஏன் ஒன்பது?
அதோடு பசை முடிந்துவிட்டதாம்.

நீல அட்டையை மடித்துக் கடவுச்சீட்டு.
கண்ணாடியைப் பார்த்து அவரவர் முகத்தை அவரவரே வரைந்தார்கள்.
நோயமிக்கு மூன்று கண்,
ஒன்று தூங்குவதற்கு.
உருளைக்கிழங்கைப் பாதியாய் வெட்டி
மீன் ஒன்று, பிறை ஒன்று செதுக்கிக் கொடுத்தேன்.
குத்தினார்கள்.
சீட்டில், சட்டையில், கழிப்பறைக் கதவில்,
ஜன்னல் விளிம்பில் ஊர்ந்த நத்தையின் ஓட்டில்.
'இனி அதுவும் வரலாம்.'

ஒரேயொரு முத்திரைக்காக
எட்டு வருடம் கடிதம் பார்த்திருந்தவள் நான்.
நத்தையைத் துடைக்காமல்
செடித் தொட்டியில் விட்டேன்.

எங்கே போகலாம்?
கடலுக்கு.
பல் டாக்டர் இல்லாத ஊருக்கு.
தொலைந்த இடதுகைக் கையுறை இருக்கும் இடத்துக்கு.
அகரன் மட்டும் சூப்பர்மார்க்கெட்டுக்கு:
அங்கே நாலாவது கவுண்டரில்
அம்மா இருக்கிறா.

டிக்கெட்டில் துளை போட்டுச் சேர்ந்த பொட்டுக் காகிதங்களை
மத்தேயோ அள்ளி மேலே எறிந்தான். பனி!
பனி என்றால் தாமதம்.
மரக்கரண்டியை மைக்காய்ப் பிடித்து
மரண அறிவித்தல் வாசிக்கும் குரலில் சொன்னேன்:
'நான்கு நிமிடம்.'
எல்லோரும் பெருமூச்சு விட்டு
இல்லாத கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள்,
இந்த ஊர்ப் பெரியவர்களைப் போலவே.

அர்தித்தா ஏறவில்லை.
சீட்டு இருக்கிறது, டிக்கெட் இருக்கிறது,
நான் ஒட்டிய வெள்ளை டேப்புக்கு இந்தப் பக்கம்
சப்பாத்து நுனி கோட்டில் படாமல் நிற்கிறாள்.
வா, இடம் இருக்கு என்றேன்.
'எல்லாரும் ஏறினால்
யார் கை காட்டுறது?'

கிழமைக்கு வேண்டியதையெல்லாம் எழுதிவைத்திருந்தேன்:
அட்டை, பசை, முனை மழுங்கிய கத்தரிக்கோல் பதினொன்று.
கை காட்டுபவரை எழுதவில்லை.
நான் வெளிக்கிட்டது விடியப்புறம் இரண்டரைக்கு.
வேன்காரன் லைட்டை நூர்க்கச் சொன்னான்,
ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம் என்றான்.
சொல்லவில்லை.

ஒரு அங்குலமும் நகராத ரயில்
அறையைத் தாண்டி, ஆறு தாண்டி, மலைக்குள் புகுந்து போய்வரும் வரைக்கும்
அர்தித்தா கை காட்டிக்கொண்டிருந்தாள்.
போகும்போது ஆட்டிய கையையே
வரும்போதும் ஆட்டினாள்.
நிறுத்தவில்லை,
இடையில் ஒருமுறை
மூக்குத் துடைக்கக் கை மாற்றியதோடு சரி.

வியாழக்கிழமை எல்லோருக்கும் கை காட்ட வேண்டும்.
பிளாட்பாரத்தில் நெரிசல், தள்ளுமுள்ளு, ஒரு கடி.
ரயில் காலியாக நின்றது.
ஆளில்லாமல் ரயில் போகாது என்று
லெவின் சட்டம் சொன்னான்.
பதினொரு முகமும் என் பக்கம் திரும்பியது.

முழங்காலை நாடியில் முட்டவைத்து
சலவை இயந்திரத்தின் இடத்தில் உட்கார்ந்தேன்.
பக்கவாட்டில் அட்டை கிழிந்தது.
சீட்டு இல்லை என்றேன்.
அர்தித்தா என் புறங்கையில்
மீனை அழுத்தினாள். ஈரம், குளிர், மாவு வாசனை.

இருபத்திரண்டு கைகள்.
நோயமி உண்மையாகவே அழுதாள்.
போய்ச் சேர்ந்ததும் சொல் என்றான் அகரன், தமிழில்.

பழம் வெட்டும் நேரமாகிவிட்டது என்று
ரெகுலா கதவில் வந்து நின்றார்.
ஒருவரும் கையை இறக்கவில்லை.
நானும் இறங்கவில்லை.