பாதை நிலவரம், மார்கழி ஒன்பது

காலை ஐந்தேகால். நெடுங்கேணிக்குக் கிழக்கே
மழை விட்டு ஒரு மணித்தியாலம்.
விட்டது எண்டும் சொல்ல ஏலாது,
பாலை மரங்கள் தங்கட பங்கை
இன்னும் பெய்துகொண்டு நிக்குதுகள்.

கிறவல் றோட்டில மோட்டச்சைக்கிள்
முதல் வளைவு மட்டும் வரும்.
அங்கால டயர் உழுத ரெண்டு வாய்க்கால்,
நடுவில ஒரு புல்லு முதுகு.
நடக்கிறவை புல்லில நடக்கவும்.
யானை லத்தி கண்டால் குனிஞ்சு பாக்கவும்.
புறங்கையால தொட்டன், இளஞ்சூடு.
கொஞ்ச நேரம் நிண்டன்.
பிறகு நிக்கேல்ல.

குளம் வான் பாயுது.
நேற்று முழங்கால், இண்டைக்கு இடுப்பு.
பை தலையில: பிறசர் பாக்கிற கருவி,
பொலித்தீன் சுத்தின பதிவுப் புத்தகம்.
நீருக்கடியில கல்லு உருளுற சத்தம்
காலுக்குத்தான் கேட்டது, காதுக்கில்லை.

அக்கரையில யாழரசிக்கு முப்பத்தேழு கிழமை.
முகம் வீங்கி, கண்ணுக்கு முன்னால
மின்மினி பறக்குது எண்டாள், விடிஞ்ச பிறகும்.
நூற்றி அறுபதுக்கு நூற்றிப்பத்து.
கையை மாத்திப் பாத்தன். அதேதான்.
இடப்பக்கம் சரிச்சுப் படுக்கவிட்டு,
ஐங்கரனை உழவு மெசினைக் கிளப்பச் சொல்லிப்போட்டு
போனை எடுத்தன்.
சிக்னல் மலையில இருக்கு.

மலை எண்டால் சிரியாதேங்கோ.
தொண்ணூறு மீற்றர் கறுத்தப் பாறை.
பேர் பண்டிமலை.
காட்டுப் பண்டியோ, தின்ற வயிறோ,
இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்கேல்ல.

ஏற்றம்: வழுக்கல்.
பாறையில பாசி, பாசிக்கு மேல பனி.
செருப்பைக் கழற்றவும், பெருவிரலை நம்பவும்.
வீரை வேர் பிடி தாங்கும்,
காய்ஞ்ச கொப்புத் தாங்காது.
வெள்ளை பூசின கல்லுகளுக்கு உள்ளாலதான் பாதை.
மிதிவெடி கிளப்பினவை விட்டுப்போன கோடு.
காடு சுத்தம் எண்டு கையெழுத்து வைச்சு
வருசம் எத்தனை போச்சு.
காலுக்கு அந்தக் கையெழுத்து வாசிக்கத் தெரியாது.

உச்சியில வன்னி இல்லை.
வெண்புகார் மட்டும், அதில
நாலு பனந்தலை மிதக்குது.
மூண்டு கோடு சிக்னல்.
ஆயிரத்தித் தொளாயிரத்தித் தொண்ணூறு.
வளைவு மட்டும் அம்புலன்ஸ் வரும்,
அதுக்கங்கால உங்கட பாடு எண்டுது ஒரு பெடியன்குரல்.
ஆசுப்பத்திரிக்கும் இலக்கங்களைச் சொல்லி முடிய
போன் கையில துடிச்சது.

தம்பி கீர்த்திகன், சுவிசில இருந்து.
நேற்று அனுப்பினது,
இண்டைக்குத்தான் என்னிட்ட ஏறி வந்திருக்கு.
படத்தில ஒரு மஞ்சள் பலகை.
‘முழங்கால் மட்டும் பனி அக்கா.
இரும்புப் பல்லுச் சப்பாத்து இல்லாமல் ஏற விடினமில்லை.
பாதி வழியில திரும்பிட்டன்.
லீவு ஒண்டு வீணாப் போச்சு.’

நான் பலகையைத்தான் பாத்தன்.
ஆரோ ஒருத்தர் இருட்டில ஏறி,
தடி குத்தி அளந்து,
தனக்குத் தெரியாத ஆக்களுக்காக
குளிரில விரல் விறைக்க எழுதியிருக்கினம்.
பொறாமை எண்டால் அந்தப் பலகையில,
மலையில இல்லை.

இறக்கம்: ஏற்றத்திலும் மோசம். இருந்து இறங்கவும்.
அடிவாரத்தில மண்டையோட்டுப் பலகை
முகங்குப்புறக் கிடந்தது.
பையில புண்ணுக்குப் பூசுற ஊதா மருந்து.
முதுகுப் பக்கம் எழுதினன்:
‘மூண்டாவது கல் ஆடுது.
வெறுங்காலில ஏறவும்.
மேல சிக்னல் உண்டு.’

மெசின் பெட்டியில மெத்தை, மெத்தையில யாழரசி.
ஐங்கரன் வானடியில நிப்பாட்டி என்னைப் பாத்தான்.
நான் தடியோட இறங்கி நடந்தன்,
ஒவ்வொரு அடிக்கும் ஒரு குத்து.
நடுவில வந்து திரும்பிச் சொன்னன்:
இடுப்புக்கு நாலு விரல் கீழ.
வலப்பக்கம் பிடிச்சு வா.