எட்டரை மணிக் கணக்கு

தாழ்வு மண்டலம் நேற்று ராத்திரி
நாகைக்குக் கிழக்கே முந்நூற்றிருபதில் நின்றது.
நின்றதா, நகர்ந்ததா என்பதில்தான்
நெல்பேட்டை மாடியில்
நாலு பேரும் சண்டை போட்டோம்.

கோவர்த்தனனுக்கு ஐரோப்பிய மாடல்தான் வேதம்.
சாயப்பட்டறைக்காரன். நூல் காயாவிட்டால்
சாமியிடம் போகமாட்டான்,
காற்றழுத்தத்திடம் முறையிடுவான்.
"வேதாரண்யத்துல ஏறும், திண்டுக்கல் வழியாப் போகும்,
நமக்குப் பன்னெண்டு சென்டிமீட்டர்" என்றான்.

ஜெராக்ஸ் கடை பாத்திமுத்து
முறுக்கை இரண்டாக ஒடித்தாள்.
"ஒங்க ஐரோப்பாக்காரன் போன வருசமும்
இதத்தான் சொன்னான்.
கடலூருக்குப் பந்தி. நமக்கு எலை மட்டும்."

மதுரைக்காரனுக்கு மழைப்பைத்தியம் பிடிக்கக் கூடாது.
எல்லாப் புயலும் கடற்கரையிலேயே கைக்காசைச் செலவழித்துவிட்டு
நம்மிடம் வரும்போது
பஸ்சுக்கு மட்டும் வைத்திருக்கும்.

ஆனாலும் பேசினோம்.
அறுபத்து நாலை, எழுபத்தேழை,
வைகை ஊருக்குள் வந்த தொண்ணூற்று மூன்றை.
செத்துப்போன சண்டியர்களைப் பற்றிப் பேசுவதுபோல
கொஞ்சம் பயம், நிறையப் பெருமை.
கஜா ராத்திரி எங்கே இருந்தாய் என்றால்
மணியோடு சொல்வான் கோவர்த்தனன்.
கல்யாண நாளைக் கேட்டால் யோசிப்பான்.

பிறகு பேச்சு குளிருக்கு வந்தது.
மார்கழியில் இந்த ஊர் எதுவரை இறங்கியிருக்கிறது,
பதினாறா, பதினைந்தா,
விமான நிலையத்துக் கணக்கை ஊர்க்கணக்கில் சேர்க்கலாமா.
அங்கிருந்து தாவி
யாரும் பார்த்திராத பனிப்புயலுக்குப் போனோம்.
செல்போனில் ஏதோ ஒரு அமெரிக்க ஊர்.
தெரு முழுக்க இடியாப்ப மாவு கொட்டியதுபோல,
கார் எது, குப்பைத்தொட்டி எது தெரியாமல்.
"சாகுறதுக்குள்ள ஒரு தடவ இத நேர்ல பாத்துரணும்"
என்றான் கோவர்த்தனன்.

பால்பாண்டி அண்ணன் படத்தைப் பார்க்கவில்லை.
ஏடிஎம் காவல் போக மிச்ச நேரத்தில்
மழைமானி பார்க்கிறவர்.
இடது காதுமடலில் ஒரு ஓரம் இருக்காது.
நாய் கடித்தது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"லடாக்குல பதினோரு நாள், கூடாரத்துக்குள்ள.
தூங்குனா முடிஞ்சுது.
நான் பெரியார்ல பஸ் ஏறுவேன்.
ஆண்டாள்புரம். பழங்காநத்தம். பைக்காரா. பசுமலை.
ஆள எறக்கி, ஆள ஏத்தி,
திருமங்கலம் வரைக்கும். திரும்பவும் பெரியார்.
ஏழாம் நாள் ராத்திரி
பசுமலைக்கும் பரங்குன்றத்துக்கும் நடுவுல
ஒரு ஸ்டாப்பக் காணோம்.
விசில் அடிக்கிறேன், வண்டி நகர மாட்டேங்குது.
ரெண்டு மணி நேரம் தேடியிருப்பேன்.
பக்கத்துல இருந்த குஞ்ஞப்பன்
அந்த ரெண்டு மணி நேரத்துலதான் தூங்கிட்டான்."

தெருவில் ஒரு ஆட்டோ போய் முடியும்வரை
எல்லோரும் காத்திருந்தோம்.

"மூலக்கரை" என்றாள் பாத்திமுத்து.
"ஆமா. மூலக்கரை."
"சுடுகாட்டு மூலக்கரையா?"
கேட்டுத் தொலைத்தான் கோவர்த்தனன்.
"அது கீரைத்துறை.
இது பஸ்சு நிக்கிற மூலக்கரை."

மூன்று மணிக்குக் காற்று திசை மாறியது.
புயல் வழக்கம்போல ரயில் மாறி
ஆந்திராவுக்கு ஏறிவிட்டது.
எட்டரைக்கு மழைமானியைத் திறந்தோம்.
அடியில் ஈரம், ஒரு கட்டெறும்பு.
"புள்ளி ரெண்டுன்னு போடுங்கண்ணே,
ராத்திரியெல்லாம் முழிச்சிருக்கோம்ல."
அண்ணன் கண்ணாடியை ஏற்றிவிட்டு
ட்ரேஸ் என்று எழுதி
நேரம் போட்டுக் கையெழுத்தும் போட்டார்.

நான் திருநகர் பஸ்சில் ஏறினேன்.
தூக்கம் கழுத்தை ஒடித்தது.
பசுமலை தாண்டியதும் கண்டக்டர்
யாரையும் பார்க்காமல் கேட்டார்,
"மூலக்கரை இருக்கா, மூலக்கரை?"
ஒருவரும் எழவில்லை.
அவர் விசிலை வாய்க்குக் கொண்டுபோகும் முன்
"இருக்கு" என்றேன்.

இறங்கி நின்றேன்.
எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.
வெயில் ஏறத் தொடங்கியிருந்தது.