சூப் முப்பத்தெட்டு வெள்ளி

பீடோங்கில் துரைமார் கிளப் இருந்த கட்டடம்
இப்போது ஹோட்டல்.
பவளமணி மெனு அட்டையை
வலது ஓரத்திலிருந்து படித்தாள்.
"சூப்பே முப்பத்தெட்டு வெள்ளியா?"

இரவல் பாத்தேக் சட்டை
கழுத்தை அறுத்தது.
தலைக்கு மேலே சரவிளக்கு
ஒருமுறை கண்சிமிட்டியது.
கரண்டிகள் நின்றன.
என் கை தானாகப்
பாக்கெட்டைத் தடவியது.
டெஸ்டர் இல்லை.

"பழைய கட்டடம் சார்,
செத்துப்போன துரை ஒருத்தர்
இங்கதான் நடமாடுறாரு"
என்றான் பரிமாறும் பையன்,
பெருமையாக.

பதினொரு நாள்
அந்தக் கூரைக்குள்
வௌவால் எச்சத்தில் குப்புறக் கிடந்தவன் நான்.
மூன்றாவது பெட்டி, தளர்ந்த திருகாணி.
தீபாவளி அவசரத்தில் விட்டது.

எழப் போனேன்.
மேசைக்கடியில் பவளமணி
காலை மிதித்தாள்.

துரையைக் காட்டிக்கொடுக்காமல்
சூப்பைக் குடித்தேன்.
உப்புக் கம்மி.