நாற்பத்தேழாம் ஃபீடர்

ஏரி இந்த வருஷமும் ஏறவில்லை.
கரிபாவிலிருந்து காலையில் வரும் எண்ணை
நான் தண்ணீர் என்று வாசிப்பதில்லை,
எத்தனை தெரு என்று வாசிக்கிறேன்.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.
அகப்பை என் கையில் இருக்கிறது, அவ்வளவுதான்.
லுசாகா, கட்டுப்பாட்டு அறை, மூன்றாவது நாற்காலி.
இங்கே உட்கார்ந்து
யாருக்கு இல்லை என்று எழுதுகிறேன்.

செம்புச் சுரங்கத்துக்குப் போகும் கம்பியைத் தொடக் கூடாது;
அது டாலர்.
ஆஸ்பத்திரியைத் தொடக் கூடாது.
அமைச்சர்கள் தூங்கும் தெருவைத் தொடக் கூடாதென்று
எங்கும் எழுதி வைக்கவில்லை;
தொட்டவர் யாரும் இப்போது இங்கே இல்லை.
மிச்சம் மட்டேரோ, கன்யாமா, சாவாமா.
என் அக்கா நமுகோலோ ஐஸ் மீன் விற்கும் சந்தையும்
அதில்தான் வரும்.
அவள் என்னோடு பேசி நாலு மாதம்.

ஹமூங்கா என்றொருவர் தினமும் அழைப்பார்.
புகார் எண்ணுக்குத்தான் அழைக்க வேண்டும்,
எப்படியோ என் மேசை எண் கிடைத்திருக்கிறது.
திட்டமாட்டார்.
"இன்குபேட்டரில் இருநூற்றுப் பத்து முட்டை, மேடம்.
இன்று பதினாறாம் நாள்.
வெட்டுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை.
எட்டு மணி என்றால் எட்டு மணிக்கு வெட்டுங்கள்.
அதற்குள் கரியடுப்பு மூட்டி
கம்பளி போர்த்திவிடுவோம் நானும் மனைவியும்.
நீங்கள் சொல்லாத இருட்டுதான் கொல்கிறது."

அதை அப்படியே மேலதிகாரியிடம் சொன்னேன்.
அவர் டீசல் விலை பற்றி,
பாக்கி வைத்திருக்கும் அரசு அலுவலகங்கள் பற்றி,
எண்ணெய் கசியும் கிழட்டு மின்மாற்றி பற்றிப் பேசினார்.
எல்லாம் உண்மை.

இருபதாம் நாளுக்கு எட்டு மணி என்று போட்டிருந்தேன்.
ஆறு ஐம்பதுக்கு அலைவெண் சரிந்தது.
நாற்பத்தொன்பது புள்ளி இரண்டு. புள்ளி ஒன்று.
நான் எதையும் அழுத்தவில்லை,
ரிலே தானாகவே தட்டிவிட்டது.
திரையில் நாற்பத்தேழு சிவந்தது:
ஒரு சின்னச் சதுரம், கட்டைவிரல் நகமளவு.
அதற்குள் எவ்வளவு கதகதப்பு இருந்ததென்று
காட்டும் வசதி திரையில் இல்லை.

நேற்று இருபத்திரண்டாம் நாள்.
அவர் அழைக்கவில்லை.
விதியை மீறி நானே அழைத்தேன்.
அணைத்து வைக்கப்பட்டுள்ளதாம்.
சார்ஜ் இருந்திருக்காது.
அங்கே மின்சாரம் வர இன்னும் ஐந்து மணி நேரம்.
எனக்குத் தெரியும்.
அட்டவணை என் கையெழுத்தில்தான் இருக்கிறது.